உழைக்கும் மக்களும் இருதய நலமும்

வெயிலிலும் மழையிலும் பாடுபடுகின்ற விவசாயிக்கு இருதய நோய் வராது என்னும் எண்ணம் நம் கிராமங்களில் நெடுங்காலமாக வேரூன்றியுள்ளது. அது நகரத்துச் செல்வர்களின் நோய் என்றும், நாற்காலியில் அமர்ந்து வேலை செய்வோரையே அது பற்றும் என்றும், வயலில் இறங்கி உழைப்பவரை அது அண்டாது என்றும் பலர் நம்புகின்றனர். இந்நம்பிக்கையில் ஒரு சிறு பகுதி உண்மை. பெரும் பகுதி தவறு. அத்தவற்றினால் விளையும் தீங்கோ சிறிதன்று. நாற்பது, ஐம்பது வயதில் குடும்பத்தைத் தாங்கும் ஒருவர் மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டால், அவ்வீட்டின் நிலம் குத்தகைக்குப் போகிறது. பிள்ளைகளின் படிப்பு தடைப்படுகிறது. வாங்கிய கடனுக்கு வட்டி மட்டும் வளர்ந்துகொண்டே செல்கிறது. ஆகவே, சாலை, குடிநீர், தெருவிளக்கு ஆகியவற்றைப் பற்றிச் சிந்திக்கும் அதே கவனத்துடன் ஊர் மக்களின் இருதய நலத்தைப் பற்றியும் பஞ்சாயத்து உறுப்பினர்கள் சிந்திப்பது அவசியமாகும்.

இந்நோய் பெரும்பாலும் ஒரே நாளில் வருவதன்று. அன்றாடம் உண்பது, புகைப்பது, நடப்பது, உறங்குவது ஆகிய பழக்கங்களில் பல ஆண்டுகளாகச் சேர்ந்து வருவது. பழக்கத்தினால் வருவதைப் பழக்கத்தினாலேயே பெரிதும் தடுக்கலாம். அதற்குரிய வழிகளை இங்கே காண்போம்.

இருதயம் செய்யும் வேலை

இருதயம் ஏறத்தாழ ஒருவருடைய மூடிய கையின் அளவே உள்ள ஒரு தசைப் பை. அது நிமிடத்துக்குச் சுமார் 70 முறையும், ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1 லட்சம் முறையும் சுருங்கி விரிகின்றது. ஓய்வாக இருக்கும்போதே நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் இரத்தத்தை உடலெங்கும் செலுத்துகின்றது. ஒரு நாள் கணக்கில் இது ஏறத்தாழ 7,200 லிட்டராகும். நம் வயலில் உள்ள பம்பு செட்டைச் சிறிது நேரம் நிறுத்திவைத்துப் பழுது பார்க்க முடியும். இருதயத்தை அவ்வாறு நிறுத்திவைக்க இயலாது.

உடல் முழுவதற்கும் இரத்தத்தைச் செலுத்தும் இவ்வுறுப்புக்கும் இரத்தம் வேண்டும். அதனை அளிப்பதற்கென மெல்லிய இரத்தக் குழாய்கள் இருதயத்தின் மேற்பரப்பில் ஓடுகின்றன. பாசன வாய்க்காலில் வண்டல் படிவதைப் போல, இக்குழாய்களின் உட்சுவரில் கொழுப்பு சிறிது சிறிதாகப் படிந்து வழியைக் குறுக்குகின்றது. வாய்க்கால் குறுகினால் கடைமடைக்கு நீர் எட்டாமற் போவது போல, இருதயத் தசைக்கு வேண்டிய இரத்தம் எட்டாமற் போகின்றது. ஒரு நாள் அப்படிவு வெடித்து, அவ்விடத்தில் இரத்தம் உறைந்து குழாய் முழுவதும் அடைபட்டால், அதுவே மாரடைப்பு எனப்படுகின்றது. மூளைக்குச் செல்லும் குழாய் அடைபட்டாலோ, அழுத்தம் தாங்காமல் வெடித்தாலோ பக்கவாதம் உண்டாகின்றது. இரத்த அழுத்தம், புகையிலை, நீரிழிவு, இரத்தத்தில் மிகுந்த கொழுப்பு ஆகிய நான்கும் இந்தச் சேதத்தை விரைவுபடுத்தும் முக்கிய காரணங்களாகும்.

உழைப்பு மட்டும் காக்குமா?

உடல் உழைப்பு இருதயத்திற்கு நன்மை செய்கின்றது என்பதில் ஐயமில்லை. லண்டன் மாநகரில் ஓடிய இரட்டை மாடி பஸ்களில் வேலை செய்தவர்களை ஜெர்ரி மாரிஸ் என்னும் மருத்துவ அறிஞரும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்து, தங்கள் முடிவை 1953-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். நாள் முழுவதும் உட்கார்ந்தபடி பஸ்ஸை ஓட்டிய ஓட்டுநர்களைவிட, படியேறி இறங்கிச் சீட்டுக் கொடுத்த நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாகவே வந்தது. வந்தபோதும் அதன் கடுமை குறைவாக இருந்தது. கிராம மக்களின் நம்பிக்கையில் உள்ள உண்மைப் பகுதி இதுவே.

ஆயினும் உழைப்பு ஒன்றே போதும் என்று எண்ணுவோர் பின்லாந்து நாட்டின் கிழக்கு எல்லையிலுள்ள வட கரேலியா மாகாணத்தின் வரலாற்றை அறிந்துகொள்ள வேண்டும். அது காடுகளும் ஏரிகளும் சிறு பண்ணைகளும் நிறைந்த நாட்டுப்புறம். அங்குள்ள ஆண்கள் மரம் வெட்டியும், கறவை மாடு வளர்த்தும், நிலம் உழுதும் வாழ்ந்தவர்கள், உழைப்புக்குச் சளைக்காதவர்கள். எனினும் 1950-களின் இறுதியில் தொடங்கிய பன்னாட்டு ஆராய்ச்சி ஒன்றில், ஆராயப்பட்ட பகுதிகள் அனைத்திலும் இருதய நோயால் ஆண்கள் மிகுதியாக மாண்டது கிழக்குப் பின்லாந்தில்தான் என்பது தெரியவந்தது. பிள்ளைகள் வளர்ந்து ஆளாகும் முன்னரே தந்தையர் மாண்டனர்.

அதற்குக் காரணம் அவர்களுடைய சமையற்கட்டிலும் சட்டைப் பையிலும் இருந்தது. ரொட்டியின் மீது வெண்ணெயை அவர்கள் தடிமனாகத் தடவி உண்டனர். ஆடை நீக்காத பாலைத் தாராளமாகக் குடித்தனர். உப்பிட்ட இறைச்சியை விரும்பினர். காய்கறி உண்பது அரிது. ஆண்களில் ஏறக்குறைய பாதிப் பேர் புகை பிடித்தனர். பலருக்கு இரத்த அழுத்தம் மிகுந்திருந்தது. அதனைப் பலர் அறியவில்லை. அவர்கள் செய்த கடும் உழைப்பு இத்தனை தீங்குகளையும் ஈடு செய்யவில்லை.

ஊர் கூடி மாற்றிய பழக்கம்

இந்நிலையைக் கண்டு வட கரேலியாவின் மக்கட் பிரதிநிதிகள் 1971-ஆம் ஆண்டில் தங்கள் அரசாங்கத்திடம் மனு ஒன்றை அளித்தனர். அதன் பயனாக 1972-இல் ஒரு திட்டம் தொடங்கியது. பெக்கா புஸ்கா என்னும் இளம் மருத்துவர் அதற்குத் தலைமை ஏற்றார். பெரிய மருத்துவமனைகளைக் கட்டுவது அத்திட்டத்தின் நோக்கமன்று. மக்களின் அன்றாடப் பழக்கத்தை மாற்றுவதே அதன் நோக்கம்.

திட்டத்தினர் தனி மனிதர்களிடம் அறிவுரை கூறுவதோடு நின்றுவிடவில்லை. மார்த்தா சங்கம் என்னும் இல்லத்தரசியர் அமைப்பின் துணையுடன் ஊர் தோறும் பெண்களைக் கூட்டி, பழகிய உணவையே உப்பும் கொழுப்பும் குறைத்து, காய்கறி சேர்த்துச் சமைத்துக் காட்டினர். ஊரில் செல்வாக்குள்ள பெரியவர்களுக்குப் பயிற்சி அளித்து, அவர்கள் வாயிலாகச் செய்தியைப் பரப்பினர். செவிலியர்கள் இரத்த அழுத்தம் உள்ளவர்களைப் பதிவு செய்து தொடர்ந்து கவனித்தனர். உணவுப் பண்டங்களைத் தயாரிப்போரும் உப்பையும் கொழுப்பையும் குறைக்குமாறு வேண்டப்பட்டனர். பால், வெண்ணெய் விற்பனை குறைந்தால் பண்ணையாளர்களின் பிழைப்பு என்னாவது என்னும் கேள்வியும் எழுந்தது. அதற்கு விடையாக, அக்குளிர் நாட்டில் நன்கு விளையும் சிறு பழவகைகளைப் பயிரிட்டு விற்க ஊக்கம் அளிக்கப்பட்டது.

பலன் உடனே கிட்டவில்லை, படிப்படியாகக் கிட்டியது. திட்டம் தொடங்கிய காலத்தோடு ஒப்பிட்டால், சுமார் 35 ஆண்டுகளில், உழைக்கும் வயதுடைய ஆண்களிடையே இருதயக் குழாய் நோயினால் ஏற்பட்ட இறப்பு 5-இல் 4 பங்குக்கும் மேல் குறைந்தது. வட கரேலியாவில் வெற்றி கண்ட முறை பின்னர் பின்லாந்து முழுவதற்கும் விரிவுபடுத்தப்பட்டது.

நம் நாட்டின் உணவு வேறு, தட்பவெப்பம் வேறு. ஆனால் அவ்வரலாறு உணர்த்தும் உண்மை நமக்கும் பொருந்தும். ஒருவர் தனியாகப் பழக்கத்தை மாற்றிக்கொள்வது கடினம். ஊரே மாறும்போது அது எளிதாகின்றது. இனி நம் வீட்டிலும் ஊரிலும் செய்ய வேண்டியவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அறிகுறி காட்டாத இரத்த அழுத்தம்

கிராமங்களில் ‘பிரஷர்’ என்றும் ‘இரத்தக் கொதிப்பு’ என்றும் சொல்லப்படும் மிகை இரத்த அழுத்தம் பெரும்பாலோரிடம் எவ்வித அறிகுறியையும் காட்டுவதில்லை. தலைவலி, மயக்கம், படபடப்பு ஆகியவை இருந்தால்தான் அது உண்டு என்று கருதுவது தவறு. நன்றாக உண்டு, நன்றாக உழைத்து, நன்றாக உறங்கும் மனிதருக்கும் அது இருக்கக் கூடும். அளந்து பார்த்தாலன்றி அதனை அறிய வேறு வழியில்லை.

அளவு இரண்டு எண்களாகக் கூறப்படும். 120-க்கு 80 என்பதற்குக் கீழே இருப்பது நலம். வெவ்வேறு நாட்களில் அளந்தும் மேல் எண் 140 அல்லது அதற்கு மேலும், அல்லது கீழ் எண் 90 அல்லது அதற்கு மேலும் இருந்தால், மிகை அழுத்தம் உண்டு என்று மருத்துவர் முடிவு செய்வார். அளப்பதற்கு முன் 5 நிமிடமாவது அமைதியாக உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் காப்பி, தேநீர் அருந்துவதையும் பீடி, சிகரெட் புகைப்பதையும் தவிர்க்க வேண்டும். முதுகைச் சாய்த்து, காலைத் தரையில் ஊன்றி, கையை இருதய மட்டத்தில் ஒரு மேசை மீது வைத்து அளப்பதே முறை.

30 வயதைக் கடந்த ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒரு முறையேனும் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பரிசோதித்துக்கொள்வது நன்று. துணைச் சுகாதார நிலையத்திலும் ஆரம்பச் சுகாதார நிலையத்திலும் இதற்கு வசதி உண்டு. இந்நோய்களுக்கான மருந்துகளை வீடு தேடிச் சென்று வழங்குவதற்கென ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் தமிழ்நாட்டில் 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் தொடங்கப்பட்டது.

இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. மருந்து உண்டு சில வாரங்களில் அழுத்தம் சரியான அளவுக்கு வந்ததும், நோய் நீங்கிவிட்டது என்று எண்ணிப் பலர் மருந்தை நிறுத்திவிடுகின்றனர். அழுத்தம் சரியாக இருப்பது மருந்தின் பயனால்தான். மருத்துவரைக் கேளாமல் நிறுத்தினால் அது மீண்டும் ஏறும். பக்கவாதம் வந்த பின்னரே சிலர் இதனை உணர்கின்றனர். அறுவடைக் காலத்தில் வேலை மிகுதி என்பதற்காகவோ, திருவிழாவுக்கு ஊர் சென்றதற்காகவோ ஒரு நாளும் மருந்தை விடலாகாது.

உப்பின் கணக்கு

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பது பழமொழி. உப்பே வேண்டாம் என்று எவரும் கூறவில்லை. அளவு வேண்டும் என்பதே கருத்து. உப்பு மிகுந்தால் பலருக்கு இரத்த அழுத்தம் உயர்கின்றது. வயது வந்த ஒருவர் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு உட்கொள்ள வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி அளவாகும்.

இல்லத்தரசியர் எளிதில் போடக் கூடிய கணக்கு ஒன்று உண்டு. நால்வர் கொண்ட குடும்பத்திற்கு, ஆளுக்கு 5 கிராம் வீதம் மாதத்துக்கு 600 கிராம் உப்பே உச்ச அளவு. ஒரு கிலோ உப்புப் பொட்டலம் ஒரு மாதத்திற்குள் உணவிலேயே தீர்ந்துபோகுமானால், அவ்வீட்டார் அளவுக்கு மேல் உப்பு உண்கின்றனர் என்பது தெளிவு. ஊறுகாய், அப்பளம், வடகம், மோர் மிளகாய், கருவாடு, கடையில் வாங்கும் மிக்சர், சிப்ஸ் ஆகியவற்றின் உப்பு இக்கணக்கில் சேராமல் தனியாக உள்ளே செல்கின்றது என்பதையும் மறக்கலாகாது. கல்லுப்பானாலும் தூளுப்பானாலும் இவ்விஷயத்தில் வேறுபாடு இல்லை. அயோடின் கலந்த உப்பையே வாங்க வேண்டும். அளவைத்தான் குறைக்க வேண்டும்.

காலையில் கஞ்சிக்கும் பழைய சோற்றுக்கும் ஊறுகாயை மட்டும் தொட்டுக்கொள்வதற்குப் பதிலாக, சின்ன வெங்காயம், கீரை மசியல், வேர்க்கடலைத் துவையல், பயறுச் சுண்டல் ஆகியவற்றைச் சேர்த்துக்கொள்ளலாம். சோறு வடிக்கும்போது உப்பிடும் வழக்கத்தை விடலாம். இலையின் ஓரத்தில் உப்பு வைக்கும் வழக்கத்தைப் பந்தியிலும் வீட்டிலும் கைவிடலாம். புளி, எலுமிச்சை, மிளகு, சீரகம், பூண்டு, கொத்தமல்லி ஆகியவை உப்புக் குறைந்த உணவுக்கும் சுவை ஊட்டும். படிப்படியாகக் குறைத்தால் சில வாரங்களில் நாக்கு பழகிவிடும். வெயிலில் வியர்வை சிந்துவோருக்கு நிறைய உப்பு வேண்டும் என்று எண்ணி உணவில் அள்ளிப் போடுவதும் தேவையற்றது. அவர்களுக்கு முதலில் வேண்டுவது போதிய குடிநீர். மோர், நீராகாரம் ஆகியவற்றில் சிறிதளவு உப்புச் சேர்த்தால் போதுமானது.

உப்பின் வலிமையைக் கிராமங்களிலேயே ஆராய்ந்து கண்ட செய்தி ஒன்றும் இங்கு நினைக்கத் தக்கது. சீன நாட்டில் 600 கிராமங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 21,000 பேரிடையே ஓர் ஆராய்ச்சி நடைபெற்றது. அவர்கள் முன்னரே பக்கவாதம் கண்டவர்கள், அல்லது 60 வயதைக் கடந்து இரத்த அழுத்தம் உடையவர்கள். பாதிக் கிராமங்களில் வழக்கமான உப்பும், மறு பாதியில் நான்கில் ஒரு பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பும் பயன்படுத்தப்பட்டன. சுமார் 5 ஆண்டுக்குப் பின், 2021-இல் முடிவு வெளியாயிற்று. மாற்று உப்பை உண்டவர்களிடையே பக்கவாதம் 14 சதவீதம் குறைந்திருந்தது. வேறு எதையும் மாற்றாமல் உப்பை மட்டும் மாற்றியதன் பயன் இது. ஆயினும் சிறுநீரக நோய் உடையவர்களுக்கும், சில வகை மருந்துகளை உண்பவர்களுக்கும் பொட்டாசியம் கலந்த உப்பு தீங்கு செய்யக் கூடும். ஆகவே மருத்துவரைக் கேட்ட பின்னரே அதனைப் பயன்படுத்த வேண்டும்.

உணவும் எண்ணெயும்

காய்கறியும் பழமும் விளைவிக்கின்ற குடும்பத்திலேயே அவற்றை உண்பது குறைவாக இருப்பதைப் பல ஊர்களில் காணலாம். நல்ல கத்தரியும் வெண்டையும் கூடையில் ஏறிச் சந்தைக்குச் செல்கின்றன. வீட்டில் சோறும் குழம்பும் ஒரு துண்டு அப்பளமுமே மிஞ்சுகின்றன. ஒருவர் நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் காய்கறியும் பழமும் உண்ண வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. விற்பனைக்கு அனுப்புமுன் வீட்டுக்கு வேண்டியதை எடுத்து வைப்பது விவசாயி தன் குடும்பத்துக்குச் செய்யும் கடமையாகும். கிணற்றடியில் வீணாகும் நீரைக் கொண்டு முருங்கை, பப்பாளி, கொய்யா, கீரை வகைகள் ஆகியவற்றை வளர்ப்பது கடினமன்று.

தீட்டிய வெள்ளை அரிசிச் சோற்றை மூன்று வேளையும் மலைபோல் குவித்து உண்பதைக் குறைத்து, கேழ்வரகு, கம்பு, சோளம், தினை ஆகியவற்றையும் பயறு வகைகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நாளைக்கு ஐந்தாறு முறை தேநீர் அருந்துவோர் ஒவ்வொரு முறையும் சேரும் சர்க்கரையைக் கணக்கிட்டால் அதன் அளவு அவர்களுக்கே வியப்பளிக்கும். மீன் உண்பவர்கள் அதனைக் குழம்பாக வைத்து உண்பது பொரித்து உண்பதிலும் நன்று.

வெண்ணெய், நெய், பாமாயில், தேங்காய் எண்ணெய் ஆகியவற்றில் இரத்தக் கொழுப்பைக் கூட்டும் வகைக் கொழுப்பு மிகுதி. கடலை எண்ணெய், நல்லெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் ஆகியவற்றில் அது குறைவு. எனினும் எந்த எண்ணெயாயினும் அளவோடு பயன்படுத்துவதே முறை. வனஸ்பதியில் இருந்த ஒருவகைக் கொழுப்பு இருதயத்திற்கு மிகவும் கேடு விளைப்பது. 2022-ஆம் ஆண்டு முதல் எண்ணெய், கொழுப்பு வகைகளில் அதன் அளவு 2 சதவீதத்துக்கு மேற்படலாகாது என்று நம் நாட்டில் விதி செய்யப்பட்டது. ஆனால் ஒரே எண்ணெயைக் கறுக்கும் வரை திரும்பத் திரும்பக் காய்ச்சி வடையும் பஜ்ஜியும் பொரிப்பது சட்டத்தால் மட்டும் நீங்காது. உண்பவர் கேட்க வேண்டும். கடைக்காரரும் உணர வேண்டும்.

புகையிலையும் மதுவும்

வரப்பில் அமர்ந்து பீடி பற்றவைத்தால் களைப்பு நீங்கும் என்று கருதுவோர் பலர். உண்மையில் புகையிலையில் உள்ள நச்சு இருதயத் துடிப்பை விரைவுபடுத்தி, இரத்த அழுத்தத்தை ஏற்றி, குழாயின் உட்சுவரைப் புண்ணாக்கி, இரத்தம் எளிதில் உறையும்படி செய்கின்றது. பீடி சிறியது, ஆகவே தீங்கும் சிறிது என்பது தவறு. வெற்றிலையுடன் மெல்லும் புகையிலையும் இருதயத்திற்குக் கேடே. ஒருவர் விடும் புகையை உடனிருக்கும் மனைவி மக்களும் சுவாசிக்கின்றனர்.

நல்ல செய்தி என்னவெனில், இப்பழக்கத்தை விடுவோருக்குப் பயன் விரைவில் கிட்டுகின்றது. புகைப்பதை அறவே நிறுத்தி ஓராண்டு ஆகும்போது, இருதயக் குழாய் நோய் வரும் அபாயம் தொடர்ந்து புகைப்பவரோடு ஒப்பிட ஏறத்தாழப் பாதியாகின்றது. எந்த வயதில் விட்டாலும் நன்மையுண்டு. மதுவும் இரத்த அழுத்தத்தை ஏற்றி, இருதயத் தசையைத் தளரச் செய்யும். சிறிதளவு மது இருதயத்திற்கு நல்லது என்று கூறி எவரும் குடிக்கத் தொடங்கலாகாது.

நடையும் உறக்கமும்

முன்னாளில் உழவு, நாற்று நடவு, அறுவடை, கதிரடிப்பு அனைத்தும் மனித உழைப்பாலும் மாட்டின் துணையாலும் நடைபெற்றன. இன்று டிராக்டரும் அறுவடை இயந்திரமும் அவ்வேலைகளைச் செய்கின்றன. வயலுக்குச் செல்லவும் மோட்டார் சைக்கிள் உண்டு. இயந்திரங்களை வேண்டாமென்று தள்ள முடியாது, தள்ளவும் தேவையில்லை. ஆனால் உண்ணும் அளவு மட்டும் பழைய உழைப்புக் காலத்து அளவாகவே இருப்பதால் வயிறு பருக்கின்றது, நீரிழிவும் தோன்றுகின்றது. பெரியவர் ஒருவர் வாரத்தில் குறைந்தது 150 நிமிடமாவது, மூச்சு சற்று வாங்கும்படி உடலுக்கு வேலை கொடுக்க வேண்டும். நாள்தோறும் அரை மணி வீதம் வாரத்தில் 5 நாள் விரைந்து நடந்தால் இக்கணக்கு நிறைவேறும். வயலுக்கு நடந்து செல்வதும், மிதிவண்டியில் செல்வதும், மண் வெட்டுவதும் இதில் சேரும். நடக்கும்போதோ வேலை செய்யும்போதோ மார்பில் இறுக்கம் தோன்றினால் வேலையை நிறுத்தி மருத்துவரைக் காண வேண்டும்.

இரவு நேரத்தில் நீர் பாய்ச்சுவோருக்கு உறக்கம் கெடுகின்றது. பெரியவர்களுக்கு நாள்தோறும் ஏறத்தாழ 7 மணி நேர உறக்கம் வேண்டும். அண்டை நிலத்தாரோடு முறை வைத்துக்கொண்டு, தொடர்ந்து பல இரவுகள் ஒருவரே விழித்திருக்காதபடி ஏற்பாடு செய்துகொள்ளலாம். கடன் கவலையும் மனச்சுமையும் உறக்கத்தைக் கெடுப்பவை. அவற்றை மனத்துக்குள்ளேயே அடக்கிவைக்காமல் வீட்டாரிடமும் நம்பத் தகுந்தவர்களிடமும் பேசுவது நலம்.

பெண்களின் இருதயம்

இருதய நோய் ஆண்களுக்கே உரியது என்னும் எண்ணமும் களையப்பட வேண்டும். மாதவிடாய் நின்ற வயதுக்குப் பின் பெண்களுக்கு இவ்வபாயம் மிகுகின்றது. விறகடுப்பின் புகையை நெடுங்காலம் சுவாசிப்பதும் இருதயத்தைப் பாதிக்கும். வீட்டில் அனைவரும் உண்ட பின் மிஞ்சியதை உண்பதும், களைப்பையும் மூச்சிரைப்பையும் பொருட்படுத்தாமல் வேலை செய்வதும் நம் பெண்களின் வழக்கமாக உள்ளது. வீட்டில் ஆடவருக்கு இரத்த அழுத்தம் பார்க்கும் அன்றே பெண்களுக்கும் பார்க்க வேண்டும்.

ஆபத்து நேரும்போது

நடு மார்பில் பாரம் வைத்தாற் போன்ற இறுக்கம் அல்லது வலி, அது இடக் கை, தோள், கழுத்து, தாடை, முதுகு ஆகிய இடங்களுக்குப் பரவுதல், குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல், குமட்டல் ஆகியவை மாரடைப்பின் அறிகுறிகளாகும். பெண்களுக்கும் முதியோருக்கும் நீரிழிவு உடையோருக்கும் வலியின்றி மூச்சுத் திணறலும் மிகுந்த சோர்வும் மட்டுமே தோன்றுதல் கூடும். ‘வாயுப் பிடிப்பு’ என்று கருதிச் சோடா குடித்தும், இஞ்சிச் சாறு அருந்தியும், தைலம் தடவியும் காலம் கழிப்பது உயிருக்கே ஆபத்தாகும். அடைப்பு நீடிக்கும் ஒவ்வொரு நிமிடமும் இருதயத் தசை அழிகின்றது. அழிந்த தசை மீண்டும் வளர்வதில்லை.

உடனே 108 எண்ணை அழைக்க வேண்டும். நோயாளியை நடக்க விடாமல் உட்கார வைக்க வேண்டும். அவரே வண்டி ஓட்டிச் செல்லக் கூடாது. மாரடைப்புக்கான முதல் மருந்துகளை ஆரம்பச் சுகாதார நிலையங்களிலேயே அளித்து, பின் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவதற்கென ‘இதயம் காப்போம்’ திட்டம் 2023-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் தொடங்கப்பட்டது. முகம் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கை தளர்தல், பேச்சுக் குழறுதல் ஆகியவை பக்கவாதத்தின் அறிகுறிகள். அப்போதும் தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

பஞ்சாயத்து செய்யக் கூடியவை

வட கரேலியாவில் தொடக்கம் மக்கட் பிரதிநிதிகளின் மனுவினால் ஏற்பட்டது. நம் ஊர்களில் அத்தொடக்கத்தைச் செய்யும் நிலையில் உள்ளவர்கள் பஞ்சாயத்து உறுப்பினர்களே. இதற்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை.

முதலாவதாக, சனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கிராம சபை கூடும்போது, சுகாதாரச் செவிலியரை அழைத்து, வருவோர்க்கெல்லாம் இரத்த அழுத்தம் பார்க்க ஏற்பாடு செய்யலாம். தலைவரும் உறுப்பினர்களும் முதலில் தங்கள் கையை நீட்டினால் மற்றவர்கள் தயங்கமாட்டார்கள்.

இரண்டாவதாக, பொது இடங்களில் புகை பிடிப்பதற்கு 2008-ஆம் ஆண்டு அக்டோபர் 2 முதல் நாடெங்கும் தடை உள்ளது. பள்ளியைச் சுற்றி 100 கஜத்துக்குள் புகையிலைப் பொருள் விற்பதும் சட்டப்படி குற்றம். பஞ்சாயத்து அலுவலகம், பேருந்து நிறுத்தம், நூலகம் ஆகிய இடங்களில் இவ்விதி நடைமுறையில் இருக்கின்றதா என்று உறுப்பினர்கள் கவனிக்க வேண்டும்.

மூன்றாவதாக, ஏரிக் கரையிலோ ஊர்ச் சாலையோரத்திலோ முட்புதரை நீக்கி, இரண்டு விளக்குகள் பொருத்தினால், பெண்களும் முதியவர்களும் காலை மாலையில் அச்சமின்றி நடப்பார்கள். பிள்ளைகளின் விளையாட்டுத் திடலை ஆக்கிரமிப்பின்றிக் காப்பதும் இருதய நலப் பணியே.

நான்காவதாக, மகளிர் சுய உதவிக் குழுக்களைக் கொண்டு, உப்பும் எண்ணெயும் குறைத்துச் சுவை குறையாமல் சமைக்கும் முறையைச் செய்து காட்டச் செய்யலாம். ஊர்ப் பொது விருந்துகளிலும் இம்முறையைப் பின்பற்றலாம்.

ஐந்தாவதாக, ஆம்புலன்சு வண்டி ஒவ்வொரு தெருவுக்கும் வயற்காட்டுக் குடியிருப்புக்கும் செல்ல வழி உண்டா என்று பார்த்து, தடையிருந்தால் நீக்க வேண்டும். தெருப் பெயர்ப் பலகையும் வீட்டு எண்ணும் தெளிவாக இருந்தால், இரவில் வரும் வண்டி வழி தேடிக் காலம் கழிக்காது.

உழைப்பு நம் கிராம மக்களின் பெருமை. அவ்வுழைப்புக்கு உறுதுணையாக, அளவான உப்பும், காய்கறி மிகுந்த உணவும், புகையிலையற்ற வாழ்வும், போதிய உறக்கமும், ஆண்டுக்கொரு முறை பரிசோதனையும் அமையுமானால், நோய் பெரிதும் குறையும். நோய் வந்தோரும் நெடுங்காலம் வாழ்வர். அடுத்த கிராம சபையின் நிகழ்ச்சி நிரலில் இதனையும் ஒரு பொருளாகச் சேர்த்து, அன்றே இப்பணியைத் தொடங்குமாறு பஞ்சாயத்து உறுப்பினர்களையும் விவசாயப் பெருமக்களையும் கேட்டுக்கொள்கிறோம்.